யார் பணத்தில் பேட்டரி?

நம் வீட்டில் எத்தனை பேட்டரி இருக்கிறது? எண்ணிப் பாருங்கள். செல்போனில் ஒன்று. சுவர்க் கடிகாரத்தில் ஒன்று. டார்ச் லைட்டில் இரண்டு. வீட்டில் ஸ்கூட்டரோ ஆட்டோவோ இருந்தால் அதில் ஒன்று. கரண்ட் போனால் விளக்கு எரிய வைக்கும் யு.பி.எஸ். பெட்டியிலும் ஒன்று.

பேட்டரி இல்லாமல் இன்று வாழ்க்கை இல்லை. இனி வரும் காலத்தில் பஸ், கார், லாரி எல்லாமே பேட்டரியில் ஓடும் என்கிறார்கள். அதற்காக அரசு கோடி கோடியாகப் பணம் ஒதுக்கியிருக்கிறது. அந்தப் பணம் சரியான இடத்துக்குப் போகிறதா? இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடக்கிறது. அந்த விவாதம் பெரிய ஆட்களுக்கு மட்டும் உரியது அல்ல. ஏனென்றால் பணம் நம்முடையது. சோப்பு வாங்கினாலும், செருப்பு வாங்கினாலும் நாம் வரி கட்டுகிறோம்.

பேட்டரிக்குள் என்ன நடக்கிறது?

கிணற்றுத் தண்ணீரை மேலே உள்ள தொட்டியில் ஏற்றுகிறோம். பிறகு குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. பேட்டரியும் ஒரு தொட்டி போலத்தான். அதில் மின்சக்தியைச் சேர்த்து வைக்கிறோம். வேண்டும்போது எடுத்துக்கொள்கிறோம்.

பேட்டரிக்கு இரண்டு பக்கம் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு ரசாயனப் பொருள் இருக்கும். சார்ஜ் போடும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போய்ச் சேரும். பேட்டரியைப் பயன்படுத்தும்போது அந்தத் துகள்கள் திரும்பி வரும். அப்போது கம்பி வழியாக மின்சாரம் ஓடும். விளக்கு எரியும். சக்கரம் சுற்றும்.

பேட்டரியின் அளவை யூனிட்டில் சொல்லலாம். கரண்ட் பில்லில் வருகிறதே, அதே யூனிட்தான். ஒரு மின் ஸ்கூட்டரின் பேட்டரி சுமார் 3 யூனிட் பிடிக்கும். ஒரு யூனிட்டில் ஸ்கூட்டர் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஓடும்.

ஈயம் போய் லித்தியம் வந்தது

பழைய பேட்டரிகளில் ஈயமும் அமிலமும் இருக்கும். ஆட்டோவில், லாரியில் இன்றும் இருப்பது அதுதான். அது விலை குறைவு. ஆனால் மிகவும் கனம்.

2001-ஆம் ஆண்டு பெங்களூரில் ரேவா என்ற சிறிய மின்கார் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் மின்காரைத் துணிந்து விற்ற முதல் முயற்சிகளில் அது ஒன்று. லண்டன் தெருக்களிலும் அது ஓடியது. ஆனால் அதில் இருந்தது ஈய பேட்டரி. ஒருமுறை சார்ஜ் போட்டால் சுமார் 80 கிலோமீட்டர்தான் ஓடும். அதனால் அதிகம் பேர் வாங்கவில்லை. 2010-இல் அந்த நிறுவனத்தை மகிந்திரா வாங்கிக்கொண்டது.

ஈயத்துக்கு மாற்றாக வந்தது லித்தியம். உலோகங்களிலேயே மிகவும் லேசானது லித்தியம்தான். 1970-களில் அமெரிக்காவில் எக்ஸான் என்ற எண்ணெய்க் கம்பெனி லித்தியம் பேட்டரி ஆய்வைத் தொடங்கியது. பிறகு லாபம் வராது என்று கைவிட்டது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திலும், பிறகு ஜப்பானிலும் ஆய்வு தொடர்ந்தது. 1991-இல் சோனி கம்பெனி லித்தியம் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதைக் கண்டுபிடித்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆய்வு தொடங்கியதிலிருந்து கடைக்கு வருவதற்கு ஏறக்குறைய 20 ஆண்டு ஆனது. விலை குறைய இன்னும் பல ஆண்டு ஆனது. 2010-இல் ஒரு யூனிட் பிடிக்கும் பேட்டரி 1,000 டாலருக்கு மேல் விற்றது. 2024-இல் அது சுமார் 115 டாலருக்கு, அதாவது ஏறக்குறைய 10,000 ரூபாய்க்கு வந்துவிட்டது.

அரசுக்கு ஏன் இதில் அக்கறை?

மூன்று காரணங்கள் சொல்கிறார்கள்.

முதல் காரணம், பெட்ரோல். இந்தியா கச்சா எண்ணெயின் பெரும் பகுதியை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. அதற்குப் பெரும் பணம் வெளியே போகிறது.

இரண்டாவது, புகை. சில்க் போர்டு சந்திப்பில் கால் மணி நேரம் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, சூரிய மின்சாரம். பெங்களூருக்கு வடக்கே துமகூரு மாவட்டத்தில் பாவகடா என்ற வறண்ட பகுதி இருக்கிறது. அங்கே விவசாயிகளின் நிலத்தை ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று குத்தகைக்கு எடுத்து, சுமார் 13,000 ஏக்கரில் சூரிய மின் பூங்கா அமைத்தார்கள். பகலில் அங்கே நிறைய மின்சாரம் கிடைக்கிறது. ஆனால் நாம் விளக்குப் போடுவது இரவில். பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேர்த்து வைக்கப் பெரிய பேட்டரிகள் வேண்டும்.

இங்கேதான் சிக்கல். உலகில் தயாராகும் லித்தியம் பேட்டரிகளில் நான்கில் மூன்று பங்கு சீனாவில் தயாராகிறது. அங்கே அரசு பல ஆண்டுகளாகத் தொழிற்சாலைகளுக்கு உதவி செய்தது. லித்தியம் ஆஸ்திரேலியா, சிலி போன்ற நாடுகளில் அதிகம் கிடைக்கிறது. நம் மண்டியா மாவட்டத்தில் மர்லகல்லா பகுதியிலும் லித்தியம் இருப்பதாகக் கண்டறிந்தார்கள். ஆனால் 1,600 டன் அளவுதான் என்று மதிப்பிட்டார்கள். நாட்டின் தேவைக்கு அது போதாது. பெட்ரோலுக்கு வெளிநாட்டை நம்பியிருந்த நாம், நாளை பேட்டரிக்கும் வெளிநாட்டையே நம்பியிருப்பதா? இது அரசின் கவலை.

பணம் போகும் நான்கு வழிகள்

முதல் வழி, வண்டி வாங்குபவருக்கு மானியம். 2015-இல் மத்திய அரசு இதைத் தொடங்கியது. 2019-இல் 10,000 கோடி ரூபாயில் இரண்டாம் கட்டம் வந்தது. 2021-இல் ஸ்கூட்டருக்கு ஒரு யூனிட் பேட்டரிக்கு 15,000 ரூபாய் மானியம். அதாவது 3 யூனிட் ஸ்கூட்டருக்கு 45,000 ரூபாய் வரை. பிறகு மானியம் படிப்படியாகக் குறைந்தது. 2025 ஏப்ரலில் யூனிட்டுக்கு 2,500 ரூபாய் ஆனது.

இரண்டாவது வழி, தொழிற்சாலைக்கு ஊக்கத்தொகை. 2021 மே மாதம் மத்திய அரசு 18,100 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஆண்டுக்கு 5 கோடி யூனிட் அளவுக்கு பேட்டரி செய்யும் தொழிற்சாலைகள் வர வேண்டும் என்பது இலக்கு. 2022-இல் நிறுவனங்களைத் தேர்வு செய்தார்கள். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஓலா எலக்ட்ரிக், ராஜேஷ் எக்ஸ்போர்ட்ஸ் இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஓலாவின் தொழிற்சாலை தமிழ்நாட்டில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளியில் இருக்கிறது.

மூன்றாவது வழி, பொதுப் பேருந்து. 2014-இல் பெங்களூரில் ஒரு மின்பேருந்தை மூன்று மாதம் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு பல ஆண்டு எதுவும் நடக்கவில்லை. 2021 டிசம்பர் முதல் பி.எம்.டி.சி.க்கு மின்பேருந்துகள் வரத் தொடங்கின. 2025-இல் மத்திய அரசு தன் புதிய திட்டத்தில் பெங்களூருக்கு 4,500 மின்பேருந்துகளை ஒதுக்கியது.

நான்காவது வழி, ஆய்வு. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1948-இல் அடிக்கல் நாட்டினார்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகமும், ஜக்கூரில் ஜவாஹர்லால் நேரு ஆய்வு மையமும் பேட்டரி ஆய்வு செய்கின்றன.

விவாதம் என்ன?

"அரசு பணம் தர வேண்டும்" என்பவர்கள் சொல்வது இது. புதிய தொழில் குழந்தை மாதிரி. நடக்கும்வரை கை பிடிக்க வேண்டும். சீனா அப்படித்தான் வளர்ந்தது. எக்ஸான் கம்பெனி செய்ததைப் பாருங்கள். லாபம் தெரியாவிட்டால் தனியார் பாதியில் விட்டுவிடுவார்கள். 20 ஆண்டு காத்திருக்க அரசால்தான் முடியும்.

"யோசித்துக் கொடு" என்பவர்கள் சொல்வது வேறு. ஒரு லட்சம் ரூபாய்க்கு ஸ்கூட்டர் வாங்குபவர் யார்? அவருக்கு மானியம் தர, பஸ்ஸில் போகிறவரின் வரிப்பணம் எதற்கு? உள்நாட்டுப் பொருளைப் போட்டுச் செய்தால்தான் மானியம் என்பது விதி. ஆனால் சில நிறுவனங்கள் வெளிநாட்டுப் பொருளை இறக்குமதி செய்து மானியம் பெற்றதாக அரசே 2023-இல் சொன்னது. பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னது. பணம் கொடுத்த பிறகு தேடுவதைவிட, கொடுக்கும்போதே கவனிக்க வேண்டாமா?

தொழிற்சாலைத் திட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. பேட்டரி செய்து விற்ற பிறகுதான் ஊக்கத்தொகை. ஆனால் தேர்வான ஒரு நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே இல்லை. மற்றவர்களும் கெடுவுக்குள் திட்டமிட்ட அளவை எட்டவில்லை. இயந்திரமும், அதை இயக்கத் தெரிந்த ஆட்களும் சீனாவிலிருந்து வர வேண்டியிருந்தது. அதற்குள் சீன பேட்டரியின் விலையும் சரிந்துவிட்டது. இங்கே செய்வதைவிட அங்கே வாங்குவது மலிவு என்று ஆனது. பணம் வீணாகவில்லை. ஆனால் எதிர்பார்த்த அளவில் வேலையும் வரவில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். 18,100 கோடி ரூபாயை 140 கோடி மக்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு சுமார் 129 ரூபாய். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு சுமார் 645 ரூபாய். நம் குடும்பப் பணம் 645 ரூபாயை யாரிடமாவது கொடுத்தால், "என்ன செய்தாய்?" என்று கேட்க மாட்டோமா? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள் பெரியவர்கள்.

பேருந்து விஷயத்திலும் கேள்வி உண்டு. மின்பேருந்தில் புகை இல்லை. ஒரு பேருந்தில் ஐம்பது பேர் போகலாம். அதனால் ஒரு ரூபாய் மானியம் பலருக்குப் பயன்படும். ஆனால் பெங்களூரின் மின்பேருந்துகளில் பெரும்பாலானவை பி.எம்.டி.சி.க்குச் சொந்தம் இல்லை. கம்பெனி பேருந்தை ஓட்டும். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பி.எம்.டி.சி. பணம் தரும். நடத்துநர் பி.எம்.டி.சி. ஆள். ஓட்டுநர் கம்பெனி ஆள். ஒரே பேருந்தில் வேலை செய்யும் இருவருக்கும் ஒரே மாதிரி சம்பளமும் பாதுகாப்பும் உண்டா என்று தொழிலாளர்கள் கேட்கிறார்கள்.

உப்பிலிருந்து பேட்டரி

லித்தியம் கிடைப்பது அரிது. ஆனால் சோடியம் அப்படி அல்ல. நாம் சாப்பிடும் உப்பில் இருப்பது சோடியம்தான். கடல் நிறைய இருக்கிறது. சோடியம் பேட்டரி செய்ய முடிந்தால் வெளிநாட்டை நம்ப வேண்டியது குறையும்.

2025-இல் ஜக்கூர் ஆய்வு மைய விஞ்ஞானிகள் ஒரு புதிய சோடியம் பேட்டரி பற்றி அறிவித்தார்கள். ஆறே நிமிடத்தில் 80 சதவீதம் சார்ஜ் ஏறும், 3,000 முறைக்கு மேல் சார்ஜ் போடலாம் என்றார்கள். இது நல்ல செய்தி. ஆனால் இது ஆய்வுக்கூடத்துச் செய்தி. ஆய்வுக்கூடத்தில் முளைத்த நாற்று வயலில் விளைய நாளாகும். சோடியம் பேட்டரிக்கு ஒரு குறையும் உண்டு. அதே எடையுள்ள லித்தியம் பேட்டரியைவிட அது குறைந்த மின்சாரம்தான் பிடிக்கும். அதனால் ஓடும் வண்டியைவிட, ஓரிடத்தில் நிற்கும் பெரிய பேட்டரிகளுக்கு அது அதிகம் பொருந்தும். பாவகடா போன்ற இடத்துக்கு எடை ஒரு கவலை அல்லவே!

பழைய பேட்டரி எங்கே போகிறது?

புதிய பேட்டரிக்குப் பணம் தரும்போது பழைய பேட்டரியை மறந்துவிடக் கூடாது. ஈய பேட்டரியை வீட்டுப் பக்கத்தில் உடைத்து உருக்குவது மிகவும் ஆபத்து. அந்தப் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் அளவுக்கு மேல் இருப்பதாக யுனிசெப் 2020-இல் சொன்னது.

லித்தியம் பேட்டரியை நசுக்கினாலோ துளைத்தாலோ தீப்பிடிக்கும். 2022-இல் நாட்டில் சில இடங்களில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தன. உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. அதன் பிறகு அரசு பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. அதே ஆண்டு இன்னொரு விதியும் வந்தது. பேட்டரி செய்யும் கம்பெனியே பழைய பேட்டரியைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அந்த விதி. எனவே பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். விற்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். செல்போன் பேட்டரி உப்பினால் உடனே மாற்றுங்கள்.

கூடிப் பேசுங்கள்

1. அரசிடம் 100 ரூபாய் இருக்கிறது. ஸ்கூட்டர் மானியம், தொழிற்சாலை, பேருந்து, ஆய்வு. இந்த நான்கில் எதற்கு எவ்வளவு தருவீர்கள்? ஏன்?

2. அரசிடம் மானியம் வாங்கும் கம்பெனி மக்களுக்கு என்ன கணக்குக் காட்ட வேண்டும்?

3. உங்கள் தெருவில் பழைய பேட்டரியை யார் வாங்குகிறார்கள்? அதை எங்கே கொண்டுபோகிறார்கள்? விசாரித்து எழுதுங்கள்.

4. உங்கள் பகுதிக்கு மின்பேருந்து வருகிறதா? வரவில்லை என்றால் பி.எம்.டி.சி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எழுதத் தெரிந்த கைக்கு இதைவிட நல்ல வேலை என்ன இருக்கிறது?