முகவரி இல்லாத பூச்சு முகத்துக்கு வேண்டாம்



பூச்சும் பொட்டும் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. மஞ்சள், குங்குமம், கண்மை, மருதாணி எல்லாம் தலைமுறை தலைமுறையாக வருபவை. அவற்றோடு இப்போது கிரீம், லிப்ஸ்டிக், ஐலைனர், தலைச்சாயம் என்று பலவும் சேர்ந்துவிட்டன. மயிலாப்பூர் மாட வீதியிலும், தி.நகர் ரங்கநாதன் தெருவிலும், அடையாற்றின் கடைகளிலும் பத்து ரூபாயிலிருந்து ஆயிரக்கணக்கான ரூபாய் வரை விதவிதமாகக் கிடைக்கின்றன.

அலங்காரம் செய்துகொள்வதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் தோலில் பூசுவது தோலோடு நின்றுவிடும் என்று நினைப்பதுதான் தவறு. சில பொருள்கள் தோல் வழியாக ரத்தத்தில் கலக்கின்றன. கர்ப்பிணியின் ரத்தத்தில் கலந்தது வயிற்றிலுள்ள குழந்தைக்கும் போகும். ஆகவே இது அழகைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல, குடும்ப நலத்தைப் பற்றிய பேச்சு.

கோட்டக்கல் சொல்லும் பாடம்

கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் உள்ள ஊர் கோட்டக்கல். அங்கே ஒரு மருத்துவமனைக்கு முகம், கால் வீக்கத்தோடும், சிறுநீரில் நுரையோடும் சிலர் வந்தார்கள். சோதித்துப் பார்த்ததில் சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, உடம்புக்கு வேண்டிய புரதம் சிறுநீரில் வீணாகிக்கொண்டிருந்தது. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை இப்படி 22 பேர். அவர்களில் 15 பேருக்கு வந்தது சாதாரணமாக அதிகம் காணப்படாத ஒரு வகை. மருத்துவர்கள் துருவித் துருவி விசாரித்தார்கள். அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுக்க வைக்கும் கிரீம் பூசி வந்தவர்கள்! கிரீமை நிறுத்திய பிறகு பெரும்பாலானவர்களுக்கு நோய் தணிந்தது.

இந்த வேலையைச் செய்தது பாதரசம். தோலுக்கு நிறம் தரும் பொருளை நம் உடம்பே தயாரிக்கிறது. வெயிலின் கடுமையிலிருந்து நம்மைக் காப்பதும் அதுதான். பாதரசம் அந்தத் தயாரிப்பைத் தடுத்துவிடும். அதனால் முகம் சீக்கிரம் வெளுக்கும். அதே நேரம் பாதரசம் உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். பூசுகிறவர் மட்டும் அல்ல, அதன் ஆவியைச் சுவாசிக்கும் வீட்டாரும், தாய்ப்பால் குடிக்கும் குழந்தையும் பாதிக்கப்படலாம்.

"நம்ம ஊர்க் கடையில் அப்படியெல்லாம் விற்பார்களா?" என்று கேட்கலாம். தில்லியில் உள்ள அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 2014-இல் 32 சிவப்பழகு கிரீம்களைச் சோதித்தது. அவற்றில் 14-இல் பாதரசம் இருந்தது. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி, முகக் கிரீம் போன்றவற்றில் பாதரசம் சேர்க்கக் கூடாது. தானாகக் கலந்திருந்தால்கூட 10 லட்சம் பங்கில் 1 பங்கைத் தாண்டக் கூடாது.

பாதரசக் கிரீமைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு.

• தயாரித்தவர் பெயரோ விலாசமோ இருக்காது. வேற்று நாட்டு எழுத்து மட்டும் இருக்கும்.

• "தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்" என்று எழுதியிருக்கும். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதே காரணம். நகைக்கு ஆகாதது கன்னத்துக்கு ஆகுமா?

• பொருள் பட்டியலில் 'மெர்க்குரி', 'மெர்க்குரஸ் குளோரைடு', 'கலோமெல்' என்று இருக்கலாம். எழுதாமல் மறைப்பதும் உண்டு.

• "அக்கா, ஏழே நாள்ல கலர் வந்துடும்" என்று கடைக்காரரே உறுதி சொல்லுவார்.

மருந்துக் கடை டியூப்

இன்னொரு பழக்கமும் பரவியிருக்கிறது. பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று மருந்துக் கடையில் ஒரு டியூப் வாங்கி, தினமும் முகத்தில் தடவுவது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் அதில் இருந்தால் அது ஸ்டீராய்டு. தோல் நோய்க்கு டாக்டர் சொல்லும் அளவில், சொல்லும் நாள் வரை போட வேண்டிய மருந்து அது. அழகுக் கிரீம் அல்ல.

போட ஆரம்பித்ததும் முகம் பளபளக்கும். நிறுத்தினால் சிவந்து எரியும், பரு கிளம்பும். பயந்துபோய் மறுபடி தடவுவார்கள். இப்படியே மாதக்கணக்கில் போனால் தோல் மெலிந்து, சிவப்பு நரம்புகள் தெரியும், முகத்தில் முடி வளரும். இதனால்தான் மத்திய அரசு 2018 மார்ச்சில் 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று ஆணையிட்டது.

ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் சேர்ந்த கிரீம்களும் அப்படித்தான். கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்க இருப்பவர்களும் இவற்றைத் தொடவே வேண்டாம். கர்ப்ப காலத்தில் கன்னத்தில் வரும் கருமை பலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு தானாகவே மங்கும். அதற்காக அவசரப்பட்டு எதையும் பூச வேண்டாம்.

குழந்தையின் கண்ணுக்கு மை வேண்டாம்

"எங்க பாட்டி காலத்துல இருந்து போடறோம், என்ன ஆயிடுச்சு?" என்று பெரியவர்கள் கேட்பது இயல்பு. பாட்டி காலத்து மை வேறு. கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்து உலர்த்தி, விளக்கெண்ணெயில் எரித்து, அந்தக் கரியைக் குழைத்து வைத்தார்கள். கடையில் வரும் சில மைகளிலும், சுருமா என்னும் பொடியிலும் ஈயம் இருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. சுருமா என்பது பெரும்பாலும் ஈயக் கல்லை அரைத்த பொடிதான்.

ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. படிப்பில் மந்தம், கவனக்குறைவு, ரத்தசோகை எல்லாம் வரலாம். இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தை கண்ணைக் கசக்கும், அதே விரலை வாயில் வைக்கும். மை உள்ளே போக அது போதும்.

வீட்டு மையானாலும் பச்சைக் குழந்தையின் கண்ணுக்குள் விரல் விட்டுத் தீட்டினால் நகத்தின் அழுக்கு கண்ணில் சேரும். மை தீட்டுவதால் கண் பெரிதாகாது. திருஷ்டிப் பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் சண்டை போட வேண்டாம். ஜவ்வரிசியைக் கருக்கிச் செய்த சாந்தில் சின்னதாக ஒரு பொட்டு, கைக்கு எட்டாதபடி காதின் பின்பக்கம் வையுங்கள். கண்ணுக்கு மட்டும் வேண்டாம்.

பெரியவர்களும் ஒரு மைக்குச்சியைப் பலர் பகிர்ந்துகொள்ளாதீர்கள். 'மெட்ராஸ் ஐ' ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றிக்கொள்ள இதுவும் ஒரு வழி.

குங்குமமும் பொட்டும்

நல்ல குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவந்தது. பளிச்சென்று கண்ணைப் பறிக்கும் சிவப்பு பெரும்பாலும் சாயம். வகிட்டில் வைக்கும் செந்தூரத்தில் ஈயச் செந்தூரம் கலப்பதும் உண்டு. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூஜெர்சி கடைகளிலும் மும்பை, தில்லியிலும் வாங்கிய 118 செந்தூர மாதிரிகளைச் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் ஈயம் இருந்தது.

குங்குமம் வைத்த இடத்தில் அரிப்பு, கருமை வந்தால் அது சாயத்தின் ஒவ்வாமை. ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் விழுகிறதா? பொட்டின் பசையில் இருக்கும் ஒரு ரசாயனம் நிறம் தரும் செல்களை அழிப்பதால் வருவது அது. உடனே நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். சீக்கிரம் நிறுத்தினால் நிறம் திரும்ப வாய்ப்பு உண்டு. இரவில் பொட்டை எடுத்துவிட்டுப் படுக்கும் பழக்கம் எல்லாருக்கும் நல்லது.

மருதாணி கறுப்பாகச் சிவக்காது

மருதாணி இலையின் நிறம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. அது பிடிக்கச் சில மணி நேரம் ஆகும். பத்து நிமிஷத்தில் கறுப்பாகப் பிடிக்கும் 'பிளாக் மெஹந்தி'யில் தலைச்சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. என்ற ரசாயனம் கலந்திருக்கிறது. கல்யாண வீட்டில் கை கொப்புளித்துப்போவது இதனால்தான். ஒரு முறை இப்படி ஒவ்வாமை வந்தவருக்குப் பிறகு தலைச்சாயம் போட்டால் முகமே வீங்கலாம்.

தலைச்சாயம் போடுகிறவர்கள் முதலில் காதின் பின்புறம் ஒரு துளி தடவி, ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். அரிப்பு, தடிப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். புருவத்துக்கும் இமைக்கும் தலைச்சாயம் போடவே கூடாது, பார்வைக்கே ஆபத்து. சாயத்தைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். யாராவது குடித்துவிட்டால் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும், சிறுநீரகமும் கெடும். ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

நாட்டியம் ஆடும் பிள்ளைகளுக்கு

மார்கழி வந்தால் மயிலாப்பூர், தி.நகர் சபாக்களில் சின்னஞ்சிறு பிள்ளைகள்கூட முழு ஒப்பனையோடு மேடை ஏறுகிறார்கள். பிள்ளையின் தோல் மெல்லியது. ஒப்பனைப் பொருளை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். பலருக்கும் பூசிய பஞ்சையும் தூரிகையையும் உங்கள் பிள்ளைக்கு வாங்காதீர்கள். காலில் பூசும் அல்தா பெரும்பாலும் சாயம்தான். வெடிப்பு, புண் இருந்தால் தவிர்த்துவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு முகம் கழுவிவிடுங்கள். மேக்கப்போடு தூங்க விடாதீர்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். எழுத்து பொடியாக இருந்தால் வீட்டில் படிக்கிற பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

1. தயாரித்தவர் பெயரும் முழு விலாசமும்.

2. லைசென்ஸ் நம்பர். 'எம்.எல்.' என்று சுருக்கியும் போடுவார்கள். வெளிநாட்டுப் பொருளானால் இறக்குமதி செய்தவரின் பெயரும் விலாசமும், பதிவுச் சான்று எண்ணும் இருக்க வேண்டும்.

3. பேட்ச் நம்பர்.

4. எந்தத் தேதிக்குள் உபயோகிக்க வேண்டும் என்ற குறிப்பு.

5. கலந்துள்ள பொருள்களின் பட்டியல். சிறிய டப்பாவில் இல்லாவிட்டால் வெளி அட்டைப்பெட்டியில் பாருங்கள்.

முதல் இரண்டும் இல்லாவிட்டால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பில் கேட்டு வாங்குங்கள்.

'ஹெர்பல்' என்றால் போதுமா?

போதாது. 'இயற்கை', 'ஹெர்பல்', 'கெமிக்கல் இல்லாதது' என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஈயமும் பாதரசமும்கூட மண்ணிலிருந்து கிடைக்கும் இயற்கைப் பொருள்கள்தானே! வாயில் நுழையாத பெயர் எல்லாம் விஷம் என்றும் பயப்பட வேண்டாம். கிரீம் கெட்டுப்போகாமல் இருக்க ஏதாவது ஒன்று சேர்த்துத்தான் ஆக வேண்டும். அது இல்லாத கிரீமில் கிருமி வளரும். வாசனைப் பொருள் சிலருக்கு அரிக்கும். அப்படிப்பட்டவர்கள் வாசனை இல்லாததை வாங்கினால் போதும்.

தொந்தரவு வந்தால்

பூச்சை உடனே நிறுத்துங்கள். ஸ்டீராய்டு டியூபை நெடுநாள் தடவி வந்தவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு நிறுத்துவது நல்லது. டப்பாவை எறியாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கையோடு கொண்டுபோங்கள். எதைப் பூசினீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. கோட்டக்கல்லில் நோயின் காரணம் தெரிந்ததே நோயாளிகள் வாய் திறந்து சொன்னதால்தான். முகம், கால் வீக்கமும் நுரைத்த சிறுநீரும் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலோ, அருகிலுள்ள மாநகராட்சி சுகாதார நிலையத்திலோ காட்டலாம். ஆலோசனைக்கு 104.

கெட்ட சரக்கைப் பற்றித் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கலாம். பில்லும் டப்பாவும் இருந்தால் விசாரணைக்கு உதவும். உங்கள் புகாரால் இன்னும் பத்துப் பேர் தப்பலாம்.

மாநிறமும் கறுப்பும் நோய் அல்ல, மருந்து தேவையில்லை. பிள்ளை பிறக்கும்போதே "கலர் கம்மி" என்று பேசும் வழக்கத்தை நம் வீட்டிலிருந்து முதலில் அகற்றுவோம். அந்தப் பேச்சு நின்றால், ஏழு நாள் கிரீமைத் தேடி நம் பெண்கள் கடைக்குப் போக மாட்டார்கள்.

நினைவில் கொள்ளுங்கள்:

சீக்கிரம் வெளுக்க வைப்பது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.
குழந்தையின் கண்ணுக்கு மை வேண்டாம்.
முகவரி இல்லாத பூச்சு முகத்துக்கு வேண்டாம்.

படித்ததும் அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.