உத்தரத்தின் கீழ் உத்தரம்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரங்களிலும், இடுக்கியின் மறையூர், குமுளி எல்லைப் பகுதிகளிலும் வாழும் தமிழர்களின் பழைய ஓட்டு வீடுகளில், கூரையைத் தாங்குவது பனஞ்சட்டமோ மர உத்தரமோ ஆகும். உத்தரம் தொய்ந்துவிட்டால், அதன் அடியில் மற்றொன்றைச் செருகிவிட்டு, இரண்டும் பாரத்தைச் சரிபாதியாகச் சுமக்கும் என நம்பியிருப்பது நம் வழக்கம். இந்நம்பிக்கை எப்பொழுதும் பலிப்பதில்லை. ஏன் என்பதைக் காண்போம்.

பாரம் ஏறியதும் எந்த உத்தரமும் சற்றே வளைகின்றது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும் இரண்டும் ஒரே அளவு வளைந்தாக வேண்டும். ஆகவே, எது வளைய மறுக்கின்றதோ அதுவே மிகுந்த பாரத்தை ஏற்கின்றது. மரமும் நீளமும் அகலமும் ஒன்றாயிருக்க, உயரம் மட்டும் இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். எனவே 8 அங்குல உயரச் சட்டத்தையும் 4 அங்குலச் சட்டத்தையும் அடுக்கினால், பாரத்தின் 9 பங்கில் 8 பங்கு பெரியதைச் சேரும். அதன் மேல், கீழ் விளிம்புகளில் இழைகள் படும் பாடும் சிறியதைப்போல் இரு மடங்கு. முதலில் கீறுவது பெரும்பாலும் பெரியதே!

சமமான இரு சட்டங்களை வெறுமனே அடுக்கினால் விறைப்பு இரு மடங்காகும். வளையும்போது ஒன்றன்மீது ஒன்று வழுக்குவதே காரணம். வழுக்காதபடி திருகாணிகளால் இறுகப் பிணைத்தால், அவை ஒரே உத்தரமாகி விறைப்பு எட்டு மடங்கை நெருங்கும். வாளையாற்றைக் கடக்கும் லாரிகளின் அடுக்கு வில்லிலோ, பட்டைகள் வேண்டுமென்றே வழுக்க விடப்படுகின்றன. அங்கே தேவைப்படுவது இளக்கம்.

செப்பனிடுவோர் மறக்கலாகாதது ஒன்றுண்டு. தொய்ந்த உத்தரத்தின் கீழ்ப் புதியதைச் செருகினால் மட்டும் பழைய பாரம் அதற்கு மாறாது. பின்னர் ஏறும் பாரத்தில்தான் அதற்குப் பங்கு. ஆதலால் முட்டுக்கால் நிறுத்திப் பழையதைச் சிறிது உயர்த்தி, புதியதன் இரு முனைகளையும் சுவரில் நன்கு அமர்த்தி, இடைவெளியின்றி ஆப்பிறுக்கி, பிறகே முட்டை மெல்லத் தளர்த்த வேண்டும். சுவரினுள் பதிந்த முனை கரையானால் உளுத்திருந்தால், பழையதை மாற்றுவதே தக்கது.

பெரியாற்றின் குறுக்கே, குறவன், குறத்தி மலைகளுக்கிடையே, 1976-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இடுக்கி வளைவணை சுமார் 169 மீட்டர் உயரமுடையது. இத்தகைய அணைகளை, அடுக்கிய கிடைவளைவுகளாகவும் நிமிர்ந்த தூண்களாகவும் பாவித்துக் கணக்கிடுவது பொறியாளர் முறை. ஓரிடத்தில் இரண்டும் ஒத்த அளவு வளையுமாறு நீரின் பாரத்தைப் பகிர்கின்றனர். பேரணைக்கும் நம் வீட்டுக் கூரைக்கும் விதி ஒன்றே.