சுகர் ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டால்... கையெழுத்துக்கு முன் இதைப் படிங்க!

சுகர் டெஸ்ட்டுக்குப் போன இடத்தில், "ஆராய்ச்சிக்காக இன்னும் கொஞ்சம் ரத்தம் தர முடியுமா?" என்று கேட்கிறார்கள். 'எதுக்கு? எங்கே கொண்டு போவாங்க?' என்று உங்களுக்குத் தோன்றுவது நியாயம்தான்.

எதற்கு?
இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. ஒரே மருந்து ஒருவருக்குக் கேட்கிறது, இன்னொருவருக்குக் கேட்பதில்லை. ஏன் என்று அறிய, பலரின் ரத்த மாதிரிகளை ஒப்பிட வேண்டும்.

எங்கே போகும்?
பொதுவாக, மாதிரியில் பெயருக்குப் பதில் குறியீட்டு எண் இருக்கும். அதை மைனஸ் 80 டிகிரி குளிரில் பாதுகாப்பார்கள். பரிசோதிக்கும் கருவிகள் விலை அதிகம். ஒவ்வொரு துறையும் தனித்தனியே வாங்க முடியாது. அதனால் பல பல்கலைக்கழகங்கள் பொது ஆய்வுக்கூடம் வைத்து, எல்லாத் துறைகளுக்கும் நேரம் ஒதுக்குகின்றன. கருவி இல்லாத கல்லூரி மாணவரும் மத்திய அரசின் 'ஐ-ஸ்டெம்' இணையதளத்தில் தேடி, வேறு நிறுவனத்தின் கருவியை முன்பதிவு செய்யலாம்.

பகிர்ந்ததால் கிடைத்த இன்சுலின்
1921-ல் டாக்டர் பான்டிங்கிடம் யோசனை இருந்தது, ஆய்வுக்கூடம் இல்லை. டொரன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மெக்லியாட் இடமும், சோதனைக்கு நாய்களும், உதவிக்குப் பெஸ்ட் என்ற மாணவரையும் கொடுத்தார். 1922 ஜனவரி 11-ல் 14 வயதுச் சிறுவன் லியோனர்ட் தாம்சனுக்குப் போட்ட முதல் ஊசி சரியாகப் பலன் தரவில்லை. உயிர்வேதியியல் அறிஞர் காலிப் சுத்திகரித்துக் கொடுத்த மருந்தை ஜனவரி 23-ல் போட்டதும் சர்க்கரை இறங்கியது. பான்டிங் தனியாளாக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

உங்கள் உரிமைகள்
• ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள்.
• விவரத்தாளையும் சம்மதப் படிவத்தையும் உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும்.
• மீதமாகும் ரத்தத்தை என்ன செய்வார்கள் என்று கேளுங்கள்.
• 'வேண்டாம்' என்று சொல்லலாம்; நடுவிலும் விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.
• புது மருந்துச் சோதனை என்றால் பதிவு எண் கேளுங்கள். 'சி.டி.ஆர்.ஐ.' இணையதளத்தில் மொபைலிலேயே இலவசமாகச் சரிபார்க்கலாம்.

நீங்கள் தரும் சில மில்லி ரத்தம் நாளை இன்னொருவருக்கு உதவலாம். ஆனால் முடிவு உங்களுடையது. புரியும்வரை கேளுங்க, புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்க!