'இதில் என்ன புதுமை?' என்று கேட்கும் முன்

திரேஸ்புரத்திலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், அறிவியல் கண்காட்சிக்குப் பூச்சிமருந்து தெளிப்பானைக் கொண்டுவந்தான். வள்ளத்தின் அடியில் கொட்டலசு ஒட்டாதிருக்கப் பிரஷால் பூசும் பெயிண்டை, தின்னர் கலந்து அதில் தெளித்துக் காட்டினான்.

"சார், இதுக்குப் பேட்டன்ட் கிடைக்குமா?"

"பெயிண்டும் பழசு, தெளிப்பானும் பழசு. இதில் என்ன புதுமை?" என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் வாடிவிட்டது. அன்றிரவு சட்டத்தைப் படித்தபோதுதான் நான் சொன்ன காரணம் தவறு என்று புரிந்தது.

பழைய பொருள்களின் சேர்க்கையும் கண்டுபிடிப்பாகலாம். காப்புரிமைச் சட்டம், 1970 கேட்பது வேறு: தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இருக்க வேண்டும், அத்துடன், அத்துறையில் தேர்ந்தவருக்கு அது வெளிப்படையாகத் தோன்றக்கூடாது. தேர்ந்தவர் என்றால் மேதை அல்லர். நம் துறைமுகப் பட்டறையில் நாள்தோறும் பெயிண்ட் அடிப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடையை மறைத்து, சிக்கலை மட்டும் அவர்முன் வைக்க வேண்டும். அவரே இந்த வழிக்கு வந்துவிடுவாரா?

1978இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லேத்தில் மெருகேற்றும்போது பாத்திரம் கழன்று தெறிக்கும். எதிர்ப்புறமிருந்து கூர்முனைத் தண்டால் அழுத்திப் பிடிக்கும் அமைப்புக்கு இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் 1951இலிருந்து காப்புரிமை வைத்திருந்தது. அந்தத் தண்டு லேத்தில் ஏற்கெனவே பழக்கமானது. இது வெறும் பட்டறைச் சீர்திருத்தம் என்று கூறி நீதிமன்றம் காப்புரிமையை நீக்கியது.

முத்தைப் பாருங்கள். மணியைச் சிப்பிக்குள் வைப்பது பழைய யோசனை. அதனுடன் இன்னொரு சிப்பியின் மேன்டில் திசுத் துண்டையும் சேர்த்து வைத்தால்தான் மணியைச் சுற்றி முழுமையாக முத்துப்பூச்சு படிகிறது. இம்முறையில்தான் 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் உருண்டை முத்து விளைவித்தார்கள். இன்று கேட்டால் "அவ்வளவுதானா?" என்போம். விடை தெரியாத காலத்தில் அது யாருக்கும் எளிதில் தோன்றவில்லை. (ஜப்பானில் மிசே, நிஷிகாவா என்ற இருவர் தனித்தனியே ஒரே காலத்தில் இதை எட்டினார்கள், வழக்கறிஞர் ஒருவர் அதையே எதிர்வாதமாக்கலாம்!)

மறுநாள் மாணவனை அழைத்து, "தெளிக்கும்போது எங்கே சிக்கல் வந்தது?" என்று கேட்டேன். முனை அடைத்துக்கொள்கிறது, தின்னரைக் கூட்டினால் பெயிண்ட் வழிகிறது என்றான். தின்னர் சேர்ப்பது பட்டறைக்காரர் எவரும் செய்வதுதான், அதற்குக் காப்புரிமை கிடைக்காது என்று ஒளிக்காமல் சொன்னேன். அடைப்பு, வழிதல் இரண்டையும் சேர்த்துத் தீர்க்கும் வழி கிடைத்தால் அது வேறு கதை. தேதியிட்டு நோட்டில் எழுதிவருகிறான். விடை கிடைத்தால், விண்ணப்பிக்கும் முன் அதை அடுத்த கண்காட்சியில் வைத்துவிடாதே என்றும் சொல்லியிருக்கிறேன். அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்கு மட்டுமே சட்டத்தில் விலக்கு உண்டு.