மார்பக ஸ்கேனில் மாட்டிய நுரையீரல் நோய்!

மார்பகத்தில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேனுக்குப் போகிறார் ஒரு பெண். கட்டி இல்லை. ஆனால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பது தெரிகிறது!

இப்படியும் நடப்பது உண்டு.

எப்படித் தெரிகிறது?

அல்ட்ரா சவுண்டு என்பது காதுக்குக் கேட்காத ஒலி. மார்பகம், தசை, விலா எலும்பு. அதற்கு அடுத்தாற்போல் நுரையீரலின் உறை. திரையில் அது வெள்ளைக் கோடு. மூச்சு விட்டால் கோடு வழுக்கி நகரும்.

நுரையீரலுக்குள் காற்று இருப்பதால் ஒலி திரும்பிவிடும். உறைக்குள் நீர் இருந்தால் கதை வேறு. அந்த இடம் கன்னங்கரேல் என்று தெரியும். கோடு தடித்து, கரடுமுரடாக இருந்தாலும் சந்தேகம்தான்.

காரணம் என்ன?

காசநோய், நிமோனியா, இருதயக் கோளாறு, புற்றுநோய் பரவுதல் என்று எதுவாகவும் இருக்கலாம். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் போன்ற அடுத்த சோதனைகள் செய்துதான் முடிவு சொல்ல முடியும். மார்பகத்தோடு பார்வையை நிறுத்திவிட்டால் நோய் தப்பிவிடும்.

அதற்காக, மார்பக ஸ்கேன் சரியாக இருந்தால் நுரையீரலும் நலம் என்று அர்த்தம் அல்ல. ஆழத்தில் உள்ள கோளாறு இதில் தெரியாது.

"கட்டிக்குத்தானே வந்தோம், இருமலை எதுக்குச் சொல்லணும்?" என்று வாயை மூடிக்கொள்ளக் கூடாது. மூச்சு வாங்குகிறதா? சளியில் ரத்தமா? ஸ்கேன் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்!