மணிக்கூடு சொன்னதும் அம்மா சொன்னதும்

போன வருடம் அம்மாவின் 68ஆவது பிறந்தநாளுக்கு ஒரு ஸ்மார்ட் மணிக்கூடு வாங்கிக் கொடுத்தேன். அப்பா போனதிலிருந்து அவருக்கு இரவில் நித்திரை இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் தேத்தண்ணீரோடு அதே முறைப்பாடுதான். நான் மென்பொருள் எழுதுகிறவன். எதையும் அளந்தால்தான் திருத்தலாம் என்பது எங்கள் தொழிலின் பழக்கம். அதனால் முதலில் அளந்து பார்ப்போம் என்று நினைத்தேன்.

முதல் கிழமையே முடிவு வந்துவிட்டது. "தம்பி, இரவு ஒரு பொட்டு நித்திரை இல்லை" என்றார் அம்மா. நான் போனை எடுத்துக் காட்டினேன். "ஏழு மணித்தியாலம் இருபது நிமிசம் எண்டு போட்டிருக்கு அம்மா. நல்லாத்தான் நித்திரை கொண்டிருக்கிறீங்கள்."

அம்மா தேத்தண்ணீரை வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்ப உன்ரை மணிக்கூடு நித்திரை கொண்டிருக்கும். நான் கொள்ளேல்லை."

அன்றைக்குச் சிரித்தேன். பிறகுதான் யோசித்தேன். சொந்த அம்மா சொல்வதை விட்டுவிட்டு, கையில் கட்டிய ஒரு பொருளை நம்பியிருக்கிறேன்.

மணிக்கூடு என்ன பார்க்கிறது?

ஆஸ்பத்திரியில் நித்திரையை முழுமையாக அளப்பதென்றால் தலையில் மின்முனைகள் ஒட்டி மூளையின் அலைகளைப் பதிவார்கள். கண் அசைவு, நாடித் தசையின் இறுக்கம், மூச்சு, இதயத் துடிப்பு எல்லாம் சேர்த்துப் பதிவாகும். பிறகு அந்த இரவை 30 செக்கன் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஆள் விழிப்பா நித்திரையா, எந்தக் கட்ட நித்திரை என்று பார்ப்பார்கள்.

கையில் கட்டும் மணிக்கூட்டுக்கு மூளை தெரியாது. அசைவும் நாடித்துடிப்பும்தான் தெரியும். அவற்றை வைத்து அது ஊகிக்கிறது. ஆள் நித்திரையாக இருந்தால் பெரும்பாலும் சரியாகப் பிடித்துவிடும். அசையாமல் விழித்துக் கிடக்கிற ஆளிடம்தான் அது தோற்கிறது. அதையும் நித்திரைக் கணக்கிலேயே சேர்த்துவிடும்.

எங்கள் வீட்டில் அம்மாவும் என் ஆறு வயது மகளும் ஒரே அறை. ஈஸ்ட்ஹாமில் இருக்கிற எங்கள் வீட்டில் வேறு வழியில்லை. பேத்தி எழும்பிவிடுவாள் என்று அம்மா இரவு முழுக்க அசையாமல் கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார். மணிக்கூடு அதைத்தான் ஏழு மணித்தியாலம் இருபது நிமிசம் என்று எழுதியிருக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. 2018இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நித்திரையின்மை உள்ள 63 பேருக்குக் கையில் கருவி கட்டி, காலையில் சிலருக்கு "நன்றாக நித்திரை கொண்டீர்கள்" என்றும் மற்றவர்களுக்கு "மோசமான நித்திரை" என்றும் செய்தி கொடுத்தார்கள். அவர்கள் உண்மையில் எப்படி நித்திரை கொண்டார்கள் என்பதற்கும் அந்தச் செய்திக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் மோசம் என்று கேட்டவர்கள் பகலில் கூடுதலான களைப்பும் சோர்வும் தெரிவித்தார்கள். எழும்பியவுடன் போனில் நித்திரை மதிப்பெண் பார்த்துவிட்டு "இன்றைய நாள் போச்சு" என்று நினைக்கிற என்னைப் போன்றவர்களுக்கும் இது பொருந்தும். இப்படி எண்ணைத் துரத்திப் போய் நித்திரையைக் கெடுத்துக்கொள்வதற்கு அமெரிக்க ஆய்வாளர்கள் 2017இல் "ஓர்த்தோசொம்னியா" என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அப்படியென்றால் எதை நம்புவது? நித்திரையின்மைக்குச் சிகிச்சை கொடுப்பவர்கள் பெரும்பாலும் கையில் எடுப்பது ஒரு தாளைத்தான். எத்தனை மணிக்குப் படுத்தேன், வெளிச்சத்தை எப்போது நிற்பாட்டினேன், ஏறக்குறைய எவ்வளவு நேரத்தில் நித்திரை வந்தது, இடையில் எத்தனை தரம் எழும்பினேன், கடைசியாக எப்போது எழும்பினேன். காலையில் இரண்டு நிமிடம் எழுதினால் போதும். இரவில் மணி பார்க்கக் கூடாது. அண்ணளவாக எழுதினாலே காணும்.

642 பேரோடு ஒரு ஆய்வு

அம்மா ஜீபியிடம் போனபோது ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். பின்னேரம் கோப்பி குடிக்காதீர்கள், அறையை இருட்டாக வையுங்கள், படுக்கையில் போன் பார்க்காதீர்கள். நாங்கள் எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிற புத்திமதிதான். கெட்ட புத்திமதி இல்லை. ஆனால் நாட்பட்ட நித்திரையின்மைக்கு அது மட்டும் போதாது.

இதை நான் தெரிந்துகொண்டது "ஹாபிட்" என்ற ஆய்விலிருந்து. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் சைமன் கைல் தலைமையில் நடந்து, 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. இங்கிலாந்தின் 35 ஜீபி நிலையங்களில் இருந்து, நித்திரையின்மை உள்ள 642 பேரைச் சேர்த்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இரு பகுதியினருக்கும் அந்தப் புத்திமதிக் கையேடு கிடைத்தது. ஒரு பகுதிக்கு அதோடு, ஜீபி நிலையத்துத் தாதியோடு நான்கு சிறிய சந்திப்புகளும் கிடைத்தன. அந்தத் தாதிமார் நித்திரை நிபுணர்கள் அல்ல. இரத்த அழுத்தம் பார்க்கிற, ஊசி போடுகிற அதே தாதிமார்தான். இதற்காகச் சிறு பயிற்சி எடுத்தவர்கள்.

தாதி சொல்லிக்கொடுத்த விஷயம் கேட்க விசித்திரமாக இருக்கும்: நித்திரை வரவில்லையா, கட்டிலில் இருக்கும் நேரத்தைக் குறையுங்கள்.

ஆறு மாதம் கழித்து, 0 முதல் 28 வரை போகிற நித்திரையின்மை அளவுகோலில், கையேடு மட்டும் கிடைத்தவர்களின் சராசரி 13.9. தாதியைச் சந்தித்தவர்களின் சராசரி 10.9. இந்த அளவுகோலில் எண் குறைந்தால் நல்லது. இரு பகுதியிலும் எட்டு எட்டுப் பேருக்குப் பாரதூரமான உடல்நலப் பிரச்சினைகள் வந்தன. அவற்றில் ஒன்றுகூடச் சிகிச்சையால் வந்ததாகக் கருதப்படவில்லை.

இந்த முறை புதிதும் அல்ல. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மனும் அவருடன் வேலை செய்தவர்களும் 1987இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். சிறப்பு மருத்துவமனைக்குப் போகாமல், பக்கத்து ஜீபி நிலையத்திலேயே ஒரு தாதியால் இதைச் செய்ய முடியும் என்று காட்டியதுதான் ஹாபிட்டின் பெறுமதி.

ஏன் இது வேலை செய்கிறது?

பசியைப் போலத்தான் நித்திரையும். விழித்திருக்க விழித்திருக்க அது ஏறும். நித்திரை போதவில்லை என்று ஒன்பது மணிக்கே போய்ப் படுத்தால், பசி வர முதலே இலைக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி. நித்திரை துண்டு துண்டாகப் போகும். அதோடு, மாதக் கணக்கில் கட்டிலில் விழித்துக் கிடந்து யோசித்தால், கட்டில் என்றாலே யோசிக்கிற இடம் என்று உடம்பு பழகிவிடும்.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். தமிழ்க் கடையில் தந்த கலண்டரின் பின்பக்கத்தில் தமிழில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். இரண்டு கிழமை அம்மா அதை நிரப்பினார். படுப்பது ஒன்பது மணி, எழும்புவது ஏழு. கட்டிலில் பத்து மணித்தியாலம். நித்திரை சராசரி ஐந்தரை. அதாவது கட்டிலில் கிடந்த நேரத்தில் 55 சதவீதம்தான் நித்திரை.

அந்தக் கலண்டரைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஜீபி நிலையத்துக்குப் போனோம். இந்த முறை, பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டேன். அது இலவசம். நான் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தபோது அம்மா சொல்லாத ஒன்றை அன்று சொன்னார். ஒன்பது மணிக்கு ஏன் படுக்கிறீர்கள் என்று தாதி கேட்டதற்கு, "அவர் இல்லாத வீட்டிலை இருந்து என்ன செய்யிறது? அதோடை பிள்ளையளுக்கும் இடைஞ்சல்" என்றார். இரண்டு வருடமாக எனக்கு அது தெரியாது.

முடிவான திட்டம்: காலை ஆறு மணிக்கு எழும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் அதே ஆறு. இரவு பன்னிரண்டுக்கு முதல் படுக்கக் கூடாது. பகலில் கண் அயரக் கூடாது. நித்திரை வராமல் நெடுநேரம் கிடந்தால் எழும்பி வெளியே வந்து இருக்க வேண்டும்.

"பன்னிரண்டு மட்டும் நான் என்ன செய்யிறது?" என்று அம்மா சண்டை பிடித்தார். முதல் பத்து நாள் நல்ல கஷ்டம். பின்னேரம் சோபாவில் தலை சாயும். நானோ மனைவியோ மாறி மாறி அவரோடு இருந்து கதைத்தோம். மூன்றாம் கிழமைக் கட்டத்தில், ஆறு மணித்தியாலத்தில் ஐந்து மணி நாற்பது நிமிடம் நித்திரை என்று வந்தது. பொதுவாக 85 சதவீதத்துக்கு மேல் போனால் கால் மணித்தியாலம் கூட்டுவார்கள். அப்படியே படிப்படியாகக் கூட்டினோம். இப்போதும் கிழமைக்கு ஒரு இரவு சரியில்லாமல் போகும். ஆனால் காலை முறைப்பாடு நின்றுவிட்டது.

எல்லோருக்கும் இது அல்ல

தயவுசெய்து இதை வாசித்துவிட்டு இன்றிரவே தொடங்காதீர்கள். வலிப்பு, பைபோலார், மறதிநோய் உள்ளவர்களை ஹாபிட் ஆய்வில் சேர்க்கவில்லை. கர்ப்பிணிகளையும் சேர்க்கவில்லை. ஐந்து மணித்தியாலத்துக்குக் கீழே யாருக்கும் குறைப்பதில்லை. தொடக்க நாட்களில் பகலில் நித்திரை தூங்கும் என்பதால் கார் ஓட்டுபவர்களும், விழக்கூடிய வயதானவர்களும் கட்டாயம் மருத்துவரிடமோ தாதியிடமோ கேட்க வேண்டும். நித்திரைக் குளிசை எடுப்பவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

அப்பாவோ, கணவரோ பெரிய குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறி, பகலில் எங்கே இருந்தாலும் நித்திரையாகிறார் என்றால் அது வேறு நோயாக இருக்கலாம். ஸ்லீப் அப்னியா என்பார்கள். அதற்கு ஆஸ்பத்திரிப் பரிசோதனையும், தேவையென்றால் மூச்சுக் குழாயைத் திறந்து வைக்கிற சீபாப் இயந்திரமும் இருக்கின்றன. வாகனம் ஓட்டும்போது நித்திரை வருகிற நிலை இருந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஜீபியிடம் போக வேண்டும். இந்த நோய் மிதமானது அல்லது கடுமையானது என்று தெரிந்து, பகல் நித்திரையும் அளவுக்கு மீறி இருந்தால், டிவிஎல்ஏக்கு அறிவிப்பது சட்டப்படி கட்டாயம்.

அந்தக் கடிதத்தை எறியாதீர்கள்

இன்னும் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. இரவு வேலை, மாறி மாறி வரும் ஷிப்ட் வேலை செய்பவர்களையும் இந்த ஆய்வு சேர்க்கவில்லை. பெற்றோல் நிலையத்தில் இருபது வருடம் இரவு வேலை செய்த எங்கள் அப்பாமாருக்கு இதன் முடிவை அப்படியே பொருத்த முடியாது. அதோடு, ஆய்வில் கலந்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் வெள்ளையர்கள். கட்டுப்பாட்டோடு செய்த நல்ல ஆய்வு. ஆனால் மூன்று தலைமுறை இரண்டு அறையில் படுக்கிற வீட்டைப் பற்றி அதில் அதிகம் தெரிந்துகொள்ள முடியாது.

இதற்கு ஆய்வாளர்களை மட்டும் குறை சொல்ல ஏலாது. இப்படியான ஆய்வுகளுக்கு ஜீபி நிலையங்கள் நோயாளிகளுக்குக் கடிதம் அனுப்புகின்றன. அம்மா, அப்பாவின் கடிதங்களை எங்கள் வீடுகளில் யார் பிரிக்கிறார்கள்? நாங்கள்தான். "ஆய்வு" என்ற சொல்லைக் கண்டதும் குப்பைக்குள் போடுவதும் நாங்கள்தான். எனக்கு அப்படி எத்தனை போட்டேன் என்ற கணக்குக்கூட இல்லை.

இனிமேல் ஒரு கடிதம் வந்தால் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். விருப்பமா என்று அவரையே கேளுங்கள். கலந்துகொள்வது கட்டாயம் இல்லை. இடையில் விலகவும் முடியும், அதனால் வழமையான சிகிச்சை பாதிக்கப்படாது. கடிதம் வராவிட்டாலும் "பீ பார்ட் ஒஃப் ரிசேர்ச்" என்ற என்எச்எஸ் சேவையில் நீங்களே இலவசமாகப் பெயர் பதியலாம்.

மணிக்கூட்டை அம்மா இப்போதும் கட்டியிருக்கிறார். எத்தனை அடி நடந்தேன் என்று பார்க்க மட்டும். இரவில் கழற்றி மேசையில் வைத்துவிடுகிறார். காலையில் நான் போனைப் பார்ப்பதில்லை. "எப்பிடி அம்மா நித்திரை?" என்று கேட்கிறேன். அவர் சொல்வதைக் கட்டத்தில் எழுதுகிறோம்.