கோடுகளால் ஆன விளையாட்டுத் திரை

ஓர் உருவத்தை இரு வழிகளில் அமைக்கலாம். சிறு மணிகளை வரிசை வரிசையாகப் பதித்து அமைப்பது ஒரு வழி. முற்றத்திலே மாவை இழுத்துக் கோலமிடுவது போல, வேண்டிய கோட்டை மட்டும் வரைவது மற்றொரு வழி. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் முதல் வழியைக் கைக்கொண்டன. 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே விற்பனைக்கு வந்த ‘வெக்ரெக்ஸ்’ என்னும் வீட்டு விளையாட்டுக் கருவியோ இரண்டாவது வழியைத் தெரிந்துகொண்டது.

கதோட்டுக் கதிர்க் குழாயின் உள்ளே இலத்திரன் கற்றையொன்று திரையைத் தாக்க, தாக்கிய இடம் ஒளிர்கின்றது என்பதை நேயர்கள் அறிவர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இக்கற்றை ஒரு படத்திற்கு 525 வரிகளாகத் திரை முழுவதையும் தடவிச் சென்றது. இருள் நிறைந்த வானத்தைக் காட்டுவதாயினும் அதற்கு ஓய்வில்லை. வெக்ரெக்ஸ் கருவியில் அவ்வாறன்று. அதனுள் அமைந்த 6809 என்னும் நுண்செயலி, கற்றையை ஒரு புள்ளியிலிருந்து மறு புள்ளிக்கு எழுதுகோலைப் போல நேரே நடத்தியது. ஆகவே, அக்காலத்து ஏனைய விளையாட்டுக்களிலே படிக்கட்டுப் போலத் தோன்றிய சாய்கோடு, இங்கே இழுத்துக் கட்டிய நூல் போலக் கூர்மையாய் ஒளிர்ந்தது. முழுப் படத்தையும் சேமித்து வைக்க வேண்டாமையால், 1024 பைற்று நினைவகமே அதற்குப் போதியதாயிற்று.

இந்நன்மைக்கு விலையும் உண்டு. திரையின் ஒளி விரைவில் மங்குவதால், அதே கோடுகளைச் செக்கனுக்கு ஏறத்தாழ 50 தடவை மீண்டும் வரைதல் வேண்டும். கோடுகள் மிகுந்தால் நேரம் போதாது. படம் துடிக்கத் தொடங்கும். நிறமும் இல்லை. ஒவ்வோர் ஆட்டத்திற்கும் உரிய வண்ணப் பிளாஸ்ரிக் தகட்டைத் திரையின்மேல் பொருத்தியே அக்குறையை மறைத்தனர். வீட்டுத் தொலைக்காட்சி இதற்கு உதவாதாகையால், 9 அங்குலத் திரையைக் கருவியுடனேயே இணைக்க நேர்ந்தது; விலையும் 199 டொலராயிற்று.

1983இல் இதனை வெளியிட்ட நிறுவனத்தை மில்ரன் பிராட்லி நிறுவனம் வாங்கியது. அதே ஆண்டில் அமெரிக்க விளையாட்டுக் கருவிச் சந்தை சரிந்தது. 1984இல் உற்பத்தி நின்றது.

எனினும் ஆர்வலர் பலர் இன்றும் இதற்குப் புதிய ஆட்டங்களை எழுதுகின்றனர். அவர்களது கவலை வேறொன்று. ஆட்டங்களைக் கணினியிற் பிரதி செய்து காக்கலாம்; ஆனால் இன்றைய தட்டைத் திரை எக்கோட்டையும் புள்ளிகளாகவே காட்டும். உண்மையான ஒளிக்கோடு பழைய குழாயிலன்றித் தோன்றாது. அக்குழாய்களைப் பெருந்தொகையாய் ஆக்கிய தொழிற்சாலைகளும் மூடப்பட்டுவிட்டன. ஒரு கலையைக் காப்பதற்கு அதன் ஏட்டைக் காத்தால் மட்டும் போதாது, அதன் கருவியையும் காத்தல் வேண்டும் என்பதே இச்சிறு பெட்டி உணர்த்தும் உண்மையாகும்.